எண்ணெய் தடவாமல் இறகு வளர்ப்பது

இறகு கொட்டிய கிளி ஒன்றை வேறொரு வீட்டிலிருந்து வாங்கி வந்து வளர்க்கத் தொடங்குகிறவர்களுக்குச் சுற்றியிருப்பவர்கள் முதலில் சொல்வது ஏதாவதோர் எண்ணெயின் பெயராகத்தான் இருக்கும். வேப்பெண்ணெய் என்பார் ஒருவர்; தேங்காயெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துப் பூசச் சொல்வார் இன்னொருவர்; பறவைக் கடைக்காரர் பேன் மருந்து என்று சொல்லி ஒரு தெளிப்பு மருந்துப் புட்டியை எடுத்து நீட்டுவார். சிவப்பு வாலும் சாம்பல் உடலும் கொண்ட ஆப்பிரிக்கக் கிளியான துரை எங்களிடம் வந்த புதிதில் இந்த மூன்று யோசனைகளும் எங்களையும் தேடி வந்தன. மூன்றையும் ஒதுக்கியதற்குக் காரணங்கள் உண்டு. எண்ணெய் பட்ட இறகின் நுண்ணிழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, உடல் வெப்பத்தைக் காக்கும் வேலையைச் செய்யாமல் போய்விடும். கிளியோ தன் இறகை அலகால் கோதிக் கோதியே காலம் கழிக்கும் உயிர் என்பதால், தடவியதில் பெரும்பகுதி அதன் வயிற்றுக்குள் போய்ச் சேரும். பேனும் சிற்றுண்ணியும் வீட்டுக்குள் தனியாக வளரும் கிளிகளிடம் அரிதாகவே காணப்படுகின்றன. இருக்கின்றனவா என்று பார்க்காமலேயே மருந்து தெளிப்பது, தோல் ஏற்கெனவே புண்பட்டிருக்கும் பறவைக்கு மேலும் எரிச்சலைத்தான் தரும்.

இவற்றையெல்லாம் விட அடிப்படையான காரணம் ஒன்று இருக்கிறது. வளர்ந்து முடிந்த இறகு, நம் நகத்தைப் போலவே உயிரற்றது. அது கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அதற்குள் இரத்தமும் இல்லை, நரம்பும் இல்லை. மேலே எதைப் பூசினாலும் அதைச் சீராக்க முடியாது. இன்று நம் கண்ணில் படும் ஓர் இறகு, பல மாதங்களுக்கு முன்னால், அது தோலுக்கடியில் உருவாகிக்கொண்டிருந்த சில வாரங்களில் அந்தக் கிளி என்ன தின்றது, எப்படித் தூங்கியது, எதற்கு அஞ்சியது என்பவற்றின் விளைவு. ஆகவே தத்தெடுத்தவர் மாற்றக்கூடியது தட்டையும் அன்றாடத்தையும்தான். அந்த மாற்றத்தின் பலன் அடுத்த இறகுதிர்வுக்குப் பிறகுதான் தெரியவரும். சாம்பல் கிளிகளோ ஒரேயடியாக இறகு உதிர்ப்பதில்லை. இங்கொன்றும் அங்கொன்றுமாக மாற்றிக்கொண்டே வரும். ஒரு முழுச் சுற்று முடிய ஓராண்டும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். அவ்வளவு காலம் காத்திருக்க முடியாதவர்கள்தாம் எண்ணெய்ப் புட்டியைத் தேடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

துரை முன்பிருந்த வீடு கொடுமையான வீடு அன்று. பிள்ளைகள் வெளிநாட்டில் குடியேறிவிட்ட ஒரு வயதான தம்பதியர் அவனைப் பேரனைப்போல வளர்த்தார்கள். அவர்களில் ஒருவர் படுக்கையில் விழுந்த பிறகுதான் அவனை வைத்திருக்க முடியாமல் எங்களிடம் கொடுத்தார்கள். "அவனுக்கு ஒரு குறையும் வெச்சதில்ல தம்பி, நாங்க என்ன சாப்பிடுறோமோ அதுதான் அவனுக்கும்" என்று அந்த அம்மா சொன்னதில் பொய்யில்லை. கிண்ணம் நிறையச் சூரியகாந்தி விதை, கைப்பிடி வேர்க்கடலை, காலையில் பால்சோறு, மாலையில் முறுக்கோ மிக்சரோ, அவர்கள் குடிக்கும் காபியில் தொட்ட ரொட்டித் துண்டு. இன்றும் மாலை நேரத்தில் அந்த அம்மாவின் குரலிலேயே "காபி ஆறிப்போச்சு" என்று அவன் சொல்வதுண்டு. அன்புக்குக் குறைவில்லாத ஒரு வீட்டிலிருந்து மார்பும் தொடையும் வெறுந்தோலாக ஒரு கிளி வந்தது என்பதைத்தான் படிக்கிறவர்கள் கவனிக்க வேண்டும்.

தீனிக்குப் போவதற்கு முன் சட்டத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் "கிளி வளர்க்கலாமா" என்று கேட்பவர்களில் பாதிப்பேர் மனத்தில் இருப்பது பச்சைக்கிளிதான். கழுத்தில் வளையம் உள்ள நம்மூர்ப் பச்சைக்கிளியும் அதன் பெரிய உறவினமும் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை; அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வைத்திருப்பதும் குற்றம். 2022-இல் வந்த திருத்தம் பச்சைக்கிளியை இரண்டாம் அட்டவணைக்கு மாற்றியது. கிளி சோதிடரின் பெட்டிக்குள் இருப்பதும் இந்தச் சட்டத்துக்கு விலக்கு அன்று. சந்தையில் யாராவது குஞ்சுக் கிளியை ஈரத்துணியில் சுற்றி நீட்டினால் இரக்கப்பட்டும் வாங்காதீர்கள்; ஒன்றை வாங்கினால் அடுத்த வாரம் இன்னொரு மரப்பொந்து காலியாகும். வெளிநாட்டு இனங்களுக்கு விதி வேறு. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, அழிவு அபாயத்தில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையில் மிகக் கடுமையான கட்டுப்பாடு கொண்ட முதல் பின்னிணைப்பில் சேர்க்கப்பட வேண்டும் என்று 2016-இல் முடிவானது. உடன்படிக்கையின் பட்டியலில் உள்ள உயிரினங்களை வைத்திருப்போர் அவற்றை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024-இல் நம் நாட்டில் விதிகள் வந்தன. கைமாறும்போது அந்தக் கைமாற்றமும் பதிவாக வேண்டும். பட்ஜி, காக்கட்டீல் என்னும் சிறிய கிளி இனங்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை, அவை அந்தப் பட்டியலில் இல்லை.

புதிதாக வந்த கிளியின் இறகைப் பார்க்கும்போது முதலில் தலையைப் பார்க்க வேண்டும் என்பதை நாங்கள் கால்நடை மருத்துவரிடம் கற்றுக்கொண்டோம். கிளியின் அலகு அதன் சொந்தத் தலையை எட்டாது. மார்பும் தொடையும் சிறகின் உட்புறமும் மொட்டையாக இருந்து, தலையும் பிடரியும் மட்டும் முழு இறகோடு பளிச்சென்று இருந்தால், அந்தக் கிளி தன்னைத்தானே பிடுங்கிக்கொள்கிறது என்று கொள்ளலாம். தலையிலும் இறகு இல்லையென்றால் கதையே வேறு: கூட இருந்த மற்றொரு பறவை பிடுங்கியிருக்கலாம், அல்லது இறகு வேரையே தாக்கும் நோய் இருக்கலாம். துரைக்குத் தலை முழுமையாக இருந்தது.

அடுத்தது அலகு. நல்ல உடல்நிலையில் உள்ள சாம்பல் கிளியின் கருப்பு அலகு, முகப்பவுடர் படிந்ததுபோல் மங்கலாகத் தெரியும். இந்த இனத்துக்கும் காக்கட்டூ, காக்கட்டீல் இனங்களுக்கும் பொடியாக உதிரும் ஒருவகைத் தூவி இறகு உண்டு. கோதும்போது அந்தப் பொடி உடலெங்கும் பரவும், வீட்டுத் தரையெங்கும்தான். அலகு கருங்கல் மெருகிட்டதுபோல் மின்னினால், "ஆகா, எவ்வளவு பளபளப்பு" என்று மகிழ்வதற்குப் பதிலாக மருத்துவரிடம் போக வேண்டும். பொடி இறகு அழிந்திருக்கிறது என்பதற்கு அது அறிகுறியாக இருக்கலாம். அலகையும் இறகையும் சிதைக்கும் சர்க்கோ வைரஸ் நோயின் தொடக்கம் அப்படியும் தெரியும். சாம்பல் இறகு இருக்க வேண்டிய இடத்தில் திடீரென்று சிவப்பு இறகு முளைப்பதும் சில வேளைகளில் அதே நோயின் குறி. அழகு என்று படம் பிடித்துப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த வைரஸைக் கண்டறியப் பி.சி.ஆர். சோதனை இருக்கிறது. வீட்டில் வேறு பறவைகள் இருந்தால், அந்தச் சோதனையின் முடிவும், மனிதர்களுக்கும் தொற்றக்கூடிய கிளமிடியா என்னும் பாக்டீரியாவுக்கான சோதனையின் முடிவும் வரும்வரை புதிதாக வந்த கிளியைத் தனி அறையில் வைத்திருப்பது கட்டாயம்.

மூன்றாவது, உதிர்ந்து கிடக்கும் இறகு. ஒரு பெரிய சிறகிறகை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், குறுக்கே மெல்லிய கோடுகள் தெரியலாம். அந்த இடத்தில் நுண்ணிழைகள் சரியாக உருவாகாமல் ஒளி ஊடுருவும். அழுத்தினால் அங்கேயே முறியும். இறகு வளர்ந்துகொண்டிருந்தபோது சத்துக்குறைவோ நோயோ பேரச்சமோ ஏற்பட்டு வளர்ச்சி தடைபட்ட நாட்களின் தடம் அது. துரையின் பழைய இறகுகளில் அப்படிப்பட்ட கோடுகள் அடுக்கடுக்காக இருந்தன. எங்கள் வீட்டில் முளைத்த இறகுகளை அவற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே சிலவற்றைப் பழைய உறையொன்றில் போட்டு வைத்திருக்கிறேன்.

இனித் தீனி. சூரியகாந்தி விதையில் நஞ்சு எதுவும் இல்லை. சிக்கல், அதையே தின்றுகொண்டிருப்பதில் இருக்கிறது. தோல் நீக்கிய விதையின் எடையில் ஏறத்தாழப் பாதி கொழுப்பு. வைட்டமின் ஏ-யாக மாறக்கூடிய கரோட்டின் அதில் பெயருக்குக்கூட இல்லை. சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு, பாஸ்பரஸ் அதைப்போல எட்டு மடங்கு. கிண்ணத்தில் பத்து வகை விதைகளைக் கலந்து வைத்தாலும் கிளி கொழுப்பு மிகுந்ததைத்தான் முதலில் பொறுக்கும். மற்றவை கூண்டின் அடித்தட்டுக்குப் போகும். வேர்க்கடலைக்கு இன்னொரு தொல்லை உண்டு. ஈரத்தில் கிடந்த கடலையில் வளரும் பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளடாக்சின் கல்லீரலைக் கெடுக்கும். ஓட்டோடு மூட்டையில் கிடக்கும் மலிவுக் கடலையை வெளியிலிருந்து பார்த்து அதைத் தெரிந்துகொள்ளவும் முடியாது.

இந்தக் கிளி பிறந்த காட்டில் என்ன தின்கிறது என்று பார்த்தால் வேறுபாடு புரியும். மேற்கு ஆப்பிரிக்காவிலும் நடு ஆப்பிரிக்காவிலும் வாழும் சாம்பல் கிளிகளுக்கு மிகவும் பிடித்த உணவுகளில் ஒன்று எண்ணெய்ப் பனையின் பழம். அந்தப் பழச் சதை ஆரஞ்சும் சிவப்புமான நிறம் கொண்டது. அந்த நிறமே கரோட்டின்தான். கொழுப்பையும் கரோட்டினையும் ஒன்றாகத் தின்று பழகிய இனத்துக்கு, நாம் கொழுப்பை மட்டும் பிரித்துக் கொடுக்கிறோம். அப்படியானால் ரேஷன் கடைப் பாமாயிலை ஒரு சொட்டு விட்டால் போதாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்விதான்; ஆனால் சுத்திகரித்து நிறம் நீக்கும்போதே கரோட்டின் போய்விடுகிறது. மிஞ்சியிருப்பது மறுபடியும் கொழுப்புதான்.

வைட்டமின் ஏ குறைந்தால் முதலில் கெடுவது உடலின் உள்வரித் தோல்கள். வாயின் மேல்புறப் பிளவைச் சுற்றி இருக்க வேண்டிய சிறு முட்கள் மழுங்கும், வாய்க்குள் வெண்மையான கட்டிகள் வரலாம், மூக்கடைத்துத் தும்மல் வரும், பாதத்தின் அடித்தோல் தேய்ந்து வழவழப்பாகும். வாலின் மேல்புறத்தில் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பியும் கெடும். அங்கிருந்து எடுத்துத்தான் கிளி தன் இறகுக்கு மெருகேற்றுகிறது. தோல் வறண்டு அரிக்கத் தொடங்கினால் பிடுங்குவது அங்கிருந்துகூடத் தொடங்கலாம். மருத்துவர் துரையின் வாயைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தபோது அந்த முட்கள் பாதி மழுங்கியிருந்தன. பக்கவாட்டில் நின்று பார்த்த எனக்கும் காட்டினார். பறவை மருத்துவத்தில் பழக்கமுள்ள ஒருவரைத் தேடிப் போவது ஏன் முக்கியம் என்பது அன்று விளங்கியது.

இதற்கு மருந்துக் கடை வைட்டமின் சொட்டை நாடத் தேவையில்லை. வைட்டமின் ஏ-யை மருந்தாக அளவுக்கு மீறிக் கொடுத்தால் அதுவே நஞ்சாகும். கரோட்டினாகக் கொடுத்தால் உடல் தனக்கு வேண்டிய அளவுதான் மாற்றிக்கொள்ளும். நம் காய்கறிச் சந்தையில் அதற்குப் பஞ்சமே இல்லை: மஞ்சள் பூசணி, கேரட், ஆரஞ்சுச் சதையுள்ள சர்க்கரைவள்ளி, பழுத்த பப்பாளி, சிவப்புக் குடமிளகாய், முருங்கைக்கீரை. குடிதண்ணீரில் கலக்கும் வைட்டமின்கள் எனக்கு அறவே பிடிக்காதவை. அவை தண்ணீரில் விரைவில் சிதைந்துபோகின்றன, நம் வெயிலில் அந்தத் தண்ணீர் கிருமிகளுக்குக் குளமாகிறது, சுவை மாறியதால் கிளி குடிப்பதையும் குறைத்துக்கொள்கிறது.

சுண்ணாம்புச் சத்து விஷயத்தில் சாம்பல் கிளிகள் மற்ற இனங்களைக் காட்டிலும் நொய்ம்மையானவை. விதை மட்டுமே தின்று வளர்ந்த சாம்பல் கிளி ஒருநாள் கூண்டுக் கம்பியிலிருந்து விழுந்து வலிப்பில் துடிப்பது பறவை மருத்துவர்கள் நன்கறிந்த காட்சி. இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து இறங்கிவிட்டதால் வருவது அது. கூண்டில் தொங்கவிடும் கடல்நுரை, அதாவது கணவாய் மீனின் ஓடு, உதவும்; ஆனால் அதைக் கொறிக்காமல் விளையாட்டுக்குத் துருவித் தள்ளும் கிளிகள் நிறைய உண்டு, துரையும் அந்த வகை. முருங்கைக்கீரை இங்கேயும் கைகொடுக்கிறது: 100 கிராம் கீரையில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. பாலக் கீரை பார்க்க அதைப்போலவே சத்தானதாகத் தோன்றினாலும் அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்பைப் பிணைத்து வைத்துக்கொள்வதால் அன்றாடம் தரத் தக்கதன்று.

தின்ற சுண்ணாம்பு உடலில் சேர வைட்டமின் டி வேண்டும். அதற்கு வெயில் வேண்டும். கண்ணாடிச் சன்னலோரம் வைத்திருக்கிறோம் என்று சொல்வதில் பயனில்லை, ஏனெனில் வைட்டமின் டி உருவாகத் தேவையான புறஊதாக் கதிர்களைச் சாதாரணக் கண்ணாடி தடுத்துவிடுகிறது. நாங்கள் காலையில் கூண்டைப் பால்கனிக்குக் கொண்டுபோய், பாதிக் கூண்டு நிழலில் இருக்கும்படி வைத்து, ஒருவர் பக்கத்திலேயே செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்போம். தனியே விட முடியாது. காக்கைகள் கூட்டமாக வந்து கம்பிக்குள் கொத்தும், பூனை வேறு.

உணவை மாற்றுவது எப்படி என்பதில்தான் பொறுமை அதிகம் தேவைப்பட்டது. பறவைகளுக்கென்று சத்துகளைச் சமன்செய்து தயாரிக்கப்படும் பெல்லட்டை உணவின் பெரும்பகுதியாகவும், மிச்சத்தைக் காய், கீரை, பயறு, சிறிது பழமாகவும், விதையைப் பரிசாகவும் வைத்துக்கொள்வது பறவை மருத்துவர்கள் பலரும் சொல்லும் முறை. ஆனால் விதையே உணவு என்று நம்பும் கிளிக்குப் பெல்லட் உணவாகவே தெரியாது. "பசித்தால் தானே தின்னும்" என்று விதையை ஒரேயடியாக நிறுத்துவது ஆபத்து. முன்னால் நிறைந்த கிண்ணம் இருக்கும்போதே கிளி பட்டினி கிடந்து இறக்கக்கூடும். வந்த முதல் நாட்களில் நாங்கள் எதையும் மாற்றவில்லை. பழைய தீனி, பழைய கிண்ணம், அந்த அம்மா கொடுத்தனுப்பிய பழைய துணிகூட அப்படியே இருந்தது. கைவிட்டது காபியையும் முறுக்கையும் பால்சோற்றையும்தான். பறவைகளுக்குப் பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி இல்லை.

அதன் பிறகு காலையில் பசி இருக்கும் நேரத்தில் காயும் பெல்லட்டும், மாலையில் அளந்த விதை என்று தொடங்கி, விதையின் அளவை வாரக்கணக்கில் குறைத்தோம். இதற்குச் சமையலறை டிஜிட்டல் தராசு இன்றியமையாதது. சாம்பல் கிளிகள் பெரும்பாலும் 400 முதல் 500 கிராம் வரை இருக்கும். நாள்தோறும் காலையில் முதல் எச்சம் போட்ட பிறகு, தீனிக்கு முன்பாக எடை பார்த்து எழுதி வைத்தால், இறகு மறைத்துவிடும் மெலிவை எண் காட்டிக்கொடுக்கும். பத்தில் ஒரு பங்கு எடை குறைந்தால் மாற்றத்தை நிறுத்தி மருத்துவரிடம் போக வேண்டும். எச்சத்தையும் பார்க்க வேண்டும்: பச்சையோ பழுப்போ ஆன மலம், வெள்ளையான உப்பு, தெளிந்த நீர் மூன்றும் தனித்தனியாகத் தெரிவது நல்லது. பீட்ரூட் தின்ற மறுநாள் கூண்டுத் தாளைப் பார்த்துப் பதற வேண்டாம்.

பெல்லட்டைத் துரை ஏற்றுக்கொண்டது தட்டிலிருந்து அல்ல, எங்கள் கையிலிருந்து. கிளி கூட்டமாக உண்ணும் உயிர். மற்றவர் தின்பதைப் பார்த்துத்தான் எது உணவு என்று தெரிந்துகொள்ளும். காலை உணவின்போது அவனை மேசையோரம் உட்கார வைத்து, நான் கேரட்டை மென்று, பெல்லட்டை மெல்வதாக நடித்து, "ம்ம்" என்று சொல்வதைப் பார்த்து என் மனைவி சிரிக்காத நாள் இல்லை. ஆனால் அவன் கழுத்தை நீட்டிப் பிடுங்கித் தின்றது அப்படித்தான்.

இப்போது அவனுடைய காலைத் தட்டில் துருவிய கேரட், மஞ்சள் பூசணி, முருங்கைக்கீரைக் கொத்து, முளைகட்டிய பாசிப்பயறு, பருவத்துக்கு ஏற்பக் கொய்யாவோ மாதுளையோ இருக்கும். காயாத சிவப்பு மிளகாயை விதையோடு ரசித்துத் தின்பான். மிளகாயின் காரத்தை உணரும் அமைப்பு பறவைகளிடம் நம்மைப்போல் வேலை செய்வதில்லை. நமக்குக் கண்ணீர் வரும் இடத்தில் அவற்றுக்குக் கரோட்டினும் வைட்டமின் சி-யும் மட்டுமே கிடைக்கின்றன. முளைப்பயறை நாங்கள் நாள்தோறும் புதிதாக எடுக்கிறோம், மணம் மாறியதைக் கொட்டிவிடுகிறோம். ஈரமான தீனி எதுவானாலும் நம் கோடையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூண்டில் இருக்கக் கூடாது. ராஜ்மாவைப் போன்ற பெரிய பயறுகளைப் பச்சையாகவோ முளைகட்டியோ தரக் கூடாது, நன்றாகக் கொதிக்க வைத்தே தர வேண்டும்.

இறகு முளைக்கும் காலத்தில் புரதத்தைக் கொஞ்சம் கூட்டுகிறோம். இறகு ஏறக்குறைய முழுவதும் புரதம் என்பதால், சிறிய உடல் ஒன்று நூற்றுக்கணக்கான இறகுகளை மாற்றுவது பெரிய செலவு. வேகவைத்த முட்டை பலரும் சொல்லும் வழி. எங்கள் வீட்டில் முட்டை சமையலறைக்குள் வருவதில்லை என்பதால் உப்பில்லாத பருப்புச் சாதம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களில், அரிசியில் குறைவான லைசீன் பருப்பில் இருக்கிறது, பருப்பில் குறைவான மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. கெரட்டினுக்குக் கந்தகம் தருவது மெத்தியோனின் போன்ற அமினோ அமிலங்கள்தாம். புதிதாக முளைக்கும் இறகு முள்ளைப்போல் உறைக்குள் சுருண்டிருக்கும், அதன் தண்டுக்குள் இரத்தம் ஓடும். அந்த நேரத்தில் அங்கே கை வைத்தால் வலிக்கும்; முறிந்தால் இரத்தம் நிற்காமல் கசியும். சோளமாவை வைத்து அழுத்திப் பிடித்து, நிற்கவில்லையென்றால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

கொடுக்கவே கூடாதவை சில: வெண்ணெய்ப்பழம், சாக்லேட், காபி, தேநீர், மது, வெங்காயம், பூண்டு, உப்பிட்ட தின்பண்டம், ஆப்பிள் விதை. இவற்றில் வெண்ணெய்ப்பழத்தைத்தான் "பழம்தானே" என்று கொடுத்துவிடுகிறார்கள். அதிலுள்ள பெர்சின் பறவையின் இதயத்தைத் தாக்கும்.

என்ன கொடுக்கிறோம் என்பதைப் போலவே எப்படிக் கொடுக்கிறோம் என்பதும் இறகைத் தீர்மானிக்கிறது. எங்களுக்குக் கிடைத்த அறிவுரைகளிலேயே அதிகம் பயன்பட்டது இதுதான் என்று நினைக்கிறேன். காட்டில் ஒரு கிளி நாளின் பல மணி நேரத்தைத் தேடுவதிலும் உரிப்பதிலும் உடைப்பதிலும் செலவிடும். கிண்ணத்தில் கொட்டிய தீனியோ மிகக் குறுகிய நேரத்தில் முடிந்துவிடும். மிச்ச நேரத்துக்கு அந்த அலகு என்ன செய்யும்? கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் இளம் அமேசான் கிளிகளைக் கொண்டு நடத்தி 2003-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது: தேடித் தின்ன வழியும் ஏறவும் கடிக்கவும் பொருள்களும் வைக்கப்பட்ட கூண்டில் இருந்தவற்றுக்கு இறகு நன்றாக இருந்தது; வெறுங்கூண்டில் இருந்தவை தம்மைப் பிடுங்கிக்கொள்ளத் தொடங்கின; பிறகு அவற்றுக்கும் அதே வசதிகளைக் கொடுத்தபோது அவற்றின் இறகும் தேறியது.

இதற்காக விலையுயர்ந்த பொம்மைகளை இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. பனையோலைக் கொட்டானுக்குள் பெல்லட்டைப் போட்டு வாயைக் கட்டித் தொங்கவிடலாம். கொட்டாங்குச்சியில் துளையிட்டு உள்ளே சுண்டல் வைக்கலாம். தேங்காய் மட்டையை அப்படியே கொடுத்தால் நார் நாராகப் பிய்த்துப் போடும். மை அதிகம் இல்லாத தாளில் பொட்டலம் மடித்துக் கொடுத்தாலே போதும். கடித்துத் துப்பக் கொய்யாக் கிளையோ வேப்பங்கிளையோ வெட்டி வைக்கிறோம். அரளி பக்கத்தில்கூட வரக் கூடாது, அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. துரை முதலில் இந்தப் பொட்டலங்களைக் கண்டு பயந்து கூண்டின் மூலையில் ஒடுங்கினான். அவன் கண் முன்னாலேயே திறந்து காட்டி, பாதி திறந்தபடி தொங்கவிட்டு, மெல்ல மெல்லத்தான் பழக்க முடிந்தது. இன்று அவனுடைய தீனியில் கிண்ணத்தில் விழுவது மிகவும் குறைவு.

சுற்றுப்புறத்தில் மாற்றியவை பலவானாலும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய கூண்டு துத்தநாகம் பூசிய கம்பி வலையால் ஆனது. அதைக் கடிக்கும் கிளிக்குத் துத்தநாக நஞ்சேறும், அதுவும் பிடுங்குவதற்கு ஒரு காரணமாகலாம் என்பதால் எவர்சில்வர் கூண்டுக்கு மாறினோம். வாரத்தில் பெரும்பாலான காலைகளில் வெதுவெதுப்பான வெறும் தண்ணீரை மேலிருந்து மழைபோலத் தெளிக்கிறோம்; ஈரமான இறகைக் கோதுவதில் கவனம் போவதால் பிடுங்குவது குறைகிறது, பொடியும் அடங்குகிறது. ஏ.சி. ஓடும் அறையில் இரவு முழுவதும் வைத்திருந்தால் தோல் வறளும். பத்து முதல் பன்னிரண்டு மணி நேர இருட்டு வேண்டும் என்பதால் அவன் கூடத்திலிருந்து உள்ளறைக்கு மாறினான். தொலைக்காட்சித் தொடர்கள் முடியும்வரை விழித்திருக்கும் கிளி மறுநாள் சிடுசிடுப்பாகவே இருக்கும். சாம்பிராணி, கொசுவர்த்திச் சுருள் இரண்டும் நின்றன. பூசைக்குச் சாம்பிராணி இல்லாமல் என்ன பூசை என்று என் அம்மா சில நாள் முணுமுணுத்தார், பிறகு அவரே "பிள்ளைக்கு ஆகாது" என்று வருபவர்களிடம் விளக்கம் சொல்லத் தொடங்கினார். ஒட்டாத பூச்சுள்ள தோசைக்கல்லை வீட்டிலிருந்தே அப்புறப்படுத்தினோம். அடுப்பில் காய்ந்து அளவுக்கு மீறிச் சூடானால் அதிலிருந்து வரும் புகை நமக்குத் தெரியாமலேயே அடுத்த அறையில் இருக்கும் பறவையைக் கொன்றுவிடும். பறவையின் நுரையீரல் காற்றில் உள்ளதை நம்மைவிட மிகத் திறமையாக உறிஞ்சுவதுதான் அதற்குக் காரணம்.

மார்பில் முதலில் வந்தது சாம்பல் பஞ்சு போன்ற தூவி. அதைத் துரை மறுபடியும் பிடுங்கினான், மீண்டும் வந்தது. பிறகு வந்த மூடிறகுகளில் ஒரு பகுதி நிலைத்தது, புதிய சிறகிறகுகளில் குறுக்குக்கோடு மிகவும் குறைந்திருந்தது, அலகில் பொடி அடர்த்தியாகப் படிந்தது. தொடைகளில் பெரும்பகுதி இன்னும் வெறுந்தோல்தான். திரும்பத் திரும்பப் பிடுங்கப்பட்ட இடத்தில் இறகு வேர்க்குழி வடுவாகிவிட்டால் அங்கே இனி முளைக்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அது அவனுக்குக் குறையாகத் தெரிவதில்லை. வருகிற விருந்தினர்களுக்குத்தான் தெரிகிறது.

பக்கத்து வீட்டில் இடித்துக் கட்டும் வேலை நடந்தபோது துளைப்பான் ஓசையில் அவன் மீண்டும் பிடுங்கத் தொடங்கினான். கழுத்தில் பிளாஸ்டிக் வளையம் மாட்டிவிடலாமா என்று நாங்கள் கேட்டோம். தோலைக் கிழித்து இரத்தம் வரும் அளவுக்குப் போனால் மட்டுமே அது, இறகு பிடுங்குவதற்காக அன்று என்றார் மருத்துவர். வளையம் கோதுவதையும் தடுத்து, கிளியின் அச்சத்தை இன்னும் கூட்டும். வேலை நடக்கும் நேரங்களில் கூண்டை வீட்டின் மறுபுறத்து அறைக்கு மாற்றினோம். கொட்டான்களின் எண்ணிக்கையைக் கூட்டி, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு சூரியகாந்தி விதையை மட்டும் அடியில் வைத்தோம். கடித்துத் துப்பிய ஓலைத் துணுக்குகள் தரை முழுவதும் கிடந்தன; அவற்றுக்கிடையே இறகுகள் குறையத் தொடங்கியது அந்த மாதக் கடைசியில்.